வக்கீல் இல்லாம கஸ்டடி கேஸ்: ஃபோன்ல இருக்கிற ஆதாரத்தை எப்படி ஃபைல் பண்றது?

வணக்கம். குடும்ப நீதிமன்றத்துல பார்ட்டி இன் பெர்சனா, அதாவது தானே வாதாடி, குழந்தை யார்கிட்ட இருக்கணும்ங்கிற கஸ்டடி கேஸ் நடத்துறவங்களுக்கான வீடியோ இது. அதுக்கு முன்னாடி ஒண்ணு: பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமா வக்கீல் தரும். 15100-க்கு கூப்பிட்டுக் கேளுங்க. அதுக்கப்புறமும் தனியாத்தான் நிக்கப்போறீங்கன்னா மேல பாருங்க.

கட்டுக்கட்டா வாட்ஸ்ஆப் சண்டையைப் பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வர்றாங்க. ஜட்ஜ் தேடுறது அதை இல்லைங்க. 1890 காப்பாளர் சட்டம் 17-வது பிரிவு கேக்கிறது குழந்தையோட நலன். காய்ச்சல்னா யார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்க, ரேங்க் கார்டுல யார் கையெழுத்து? தடுப்பூசி அட்டை, ஃபீஸ் ரசீது, மருந்துச் சீட்டு, இதெல்லாம் ஒரிஜினலோட முதல்ல அடுக்குங்க. சாட்ல குழந்தையைப் பத்தின பேச்சு இருக்கிற நாட்களை மட்டும் காட்டுங்க. ஆனா அந்த நாள்ல முன்னும் பின்னும் வெட்டாதீங்க. வெட்டினா கிராஸ்ல, அதாவது எதிர்த்தரப்போட குறுக்கு விசாரணையில, அதையே பிடிச்சுப்பாங்க.

இப்போ முக்கியமான இடம். ஸ்க்ரீன்ஷாட் பிரிண்ட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய சட்டம் 63-வது பிரிவுச் சான்றிதழ் கூடவே வரணும். பழைய சாட்சியச் சட்டத்தோட 65பி பிரிவுச் சான்றிதழைத் தேடி காப்பி அடிக்காதீங்க, படிவம் மாறிடுச்சு. ஏ பகுதி நீங்க நிரப்புறது: ஃபோன் மாடல், கலர், ஐஎம்இஐ நம்பர், ஃபைலோட ஹாஷ் மதிப்பு, அதாவது ஃபைலுக்குக் கைரேகை மாதிரி சாஃப்ட்வேர் கணக்குப் போட்டுத் தர்ற குறியீடு. பி பகுதி நிபுணர் நிரப்பணும். அதைத்தான் காலியா விட்டுட்டு வந்துடுறாங்க. சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி பென்டிரைவ்ல போட்ட பிறகு ஹாஷ் எடுங்க. அப்புறம் ஃபைலைத் திறந்து ஒரு எழுத்து மாத்தி சேவ் பண்ணினாலும் ஹாஷ் மாறிடும், சான்றிதழ் வீண். கேஸ் முடியற வரைக்கும் அந்த ஃபோனை விக்காதீங்க, ஃபார்மட்டும் பண்ணாதீங்க.

குடும்ப நீதிமன்றச் சட்டம் 14-வது பிரிவு ஆதார விதிகளைக் கொஞ்சம் தளர்த்துது, உண்மைதான். ஆனா அது ஜட்ஜோட விருப்பம். அதை நம்பிச் சான்றிதழ் இல்லாமப் போகாதீங்க.

அடுத்து ப்ரூஃப் அஃபிடவிட், அதாவது உங்க சாட்சியத்தைச் சத்தியம் பண்ணி எழுத்துல கொடுக்கிறது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனிப் பத்தி: தேதி என்ன, எப்படிக் கைக்கு வந்துச்சு, எதைக் காட்டுது. மனுவோட ஃபைல் பண்ணிட்டா மட்டும் அது சாட்சியம் ஆகாது. சாட்சிக் கூண்டுல நிக்கிறப்போ ஒவ்வொண்ணுக்கும் எக்ஸிபிட் நம்பர், அதாவது கோர்ட் ஆவணத்துக்குப் போடுற அடையாள எண், விழணும். லிஸ்ட்டைக் கையில வெச்சு டிக் அடிச்சுக்கிட்டே வாங்க. ஒண்ணு விட்டுப்போச்சுன்னா கூண்டை விட்டு இறங்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. அப்புறம்னா சாட்சியைத் திரும்பக் கூப்பிடத் தனி மனு, இன்னொரு வாய்தா.