கிணற்றடியில் தீர்ந்த வவுச்சர் பிரச்சினை

நேயர்களுக்கு வணக்கம். ஓர் அலுவலகத்தின் பிரிவுகளை ஒன்றுசேர்க்கத் தொண்டு வேலை எப்படி உதவும் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கிளிநொச்சியில் ஒரு நிறுவனத்தில் நிர்வாகப் பக்கம் இருப்பவன் நான். முதலில் நாங்கள் சொதப்பிய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனி மாதம் மரநடுகைக்குப் போனோம். பிரிவுக்கு ஒரு நிறத்தில் ரீசேர்ட்: கணக்குப் பிரிவு நீலம், கள உத்தியோகத்தர்கள் பச்சை, களஞ்சியமும் சாரதிகளும் மஞ்சள். எந்த நிறம் கூடுதலாக நடுகிறது என்று போட்டி வேறு. சோற்றுப் பார்சலைக்கூட நீலம் ஒரு மரத்தடியிலும் பச்சை இன்னொரு மரத்தடியிலும் இருந்துதான் பிரித்தது. படம் எடுத்தோம், வந்துவிட்டோம். கன்றுகளைச் சோளகக் காற்றும் கட்டாக்காலி மாடுகளும் பார்த்துக்கொண்டன. ஐப்பசியில் மழை பிடிக்கும் வன்னியில் ஆனியில் கன்று நட்ட எங்களைப் பற்றி அந்த ஊர் ஆச்சி ஒருவர் சொன்னதை வானொலியில் சொல்ல முடியாது.

அடுத்த வருடம் ஊரையே கேட்டோம். முன்பள்ளிக் கிணற்றை இறைத்து, சேறு அள்ளித் துப்புரவாக்கித் தந்தால் போதும் என்றார்கள். சரி, ஆவணிக் கடைசியில், ஊற்றுக் குறைந்திருக்கும் நேரம் பார்த்து, ஒரு வேலை நாளில் போனோம். வேலை நாள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைகளோடு இருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமையைப் பறித்துவிட்டு ஒற்றுமையை எதிர்பார்க்காதீர்கள்.

மேலே வைத்த பம்பி இருபது, இருபத்தைந்து அடி ஆழம் வரைதான் தண்ணீரை இழுக்கும். அதற்குக் கீழே தண்ணீர் போனதும் பம்பி வெறும் காற்றை இழுத்தது. இளம் கள உத்தியோகத்தர் ஒருவர் பம்பியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கலாம் என்றார். எங்கள் மூத்த சாரதி குறுக்கே வந்து நின்றார். "தம்பி, எஞ்சின் புகை கிணத்துக்குள்ள நிண்டா, இறங்கினவன் மயங்கி விழுவான். தூக்கப் போறவனும் விழுவான். நான் விடமாட்டன்." அந்தப் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அன்று அந்த நேரத்திலிருந்து அவர்தான் எங்களுக்கு முகாமையாளர்.

மிச்சத்தை வாளியால்தான் அள்ள வேண்டும். இடுப்பில் கயிறு கட்டி இருவர் உள்ளே, கயிறு இழுக்க நால்வர், சேற்று வாளியை வேலிவரை கைமாற்ற ஒரு நீண்ட வரிசை. ஊற்று சுரந்துகொண்டே இருப்பதால் நின்று மூச்சுவிட நேரமில்லை. யார் எந்தப் பிரிவு என்று பார்க்க யாருக்கும் வசதிப்படவில்லை. உள்ளே நின்ற களஞ்சியப் பொறுப்பாளரின் உயிர் கணக்காளரின் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

பிளேன்ரீ குடிக்கும்போது அந்த மூத்த சாரதி கணக்காளரிடம் மெல்லக் கேட்டார்: "ஐயா, வாகன எண்ணெய்க் காசுக்கு நான் போடுற வவுச்சரை ஏன் ஒவ்வொரு முறையும் திருப்பி விடுறியள்? ஒட்டுசுட்டான் பக்கம் அவசரத்துக்கு கான்ல எண்ணெய் வாங்கினால், கையால எழுதின துண்டுதானே தருவினம்." கணக்காளர் கையைப் பார்த்தார், இரண்டு கொப்புளம். "துண்டில கடை முத்திரை இல்லாட்டி கணக்காய்வில எனக்குத்தான் கேள்வி வரும் அண்ணை" என்றார். மாதக்கணக்கில் கோப்புக்குள் போய் வந்த சண்டை அந்தக் கிணற்றடியில் பத்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்த கிழமை, சாரதியும் கள உத்தியோகத்தரும் சேர்ந்து ஒப்பமிடும் அரைப்பக்கப் படிவம் ஒன்று வந்தது.

மற்ற நிறுவனத்தார் செலவு எவ்வளவு என்று கேட்கிறார்கள். பம்பி வாடகை, கயிறு, வாளி, மத்தியானக் கஞ்சி. ஊற்று ஊறிய பிறகு குளோரின் இடும் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லித் தருவார்; அவரை முதலே கூப்பிட்டுவிடுங்கள். ரீசேர்ட் தேவையில்லை. எப்படியும் சேற்றில் எல்லாம் ஒரே நிறமாகிவிடும்.

இந்த ஆவணிக்கு ஊர் இன்னொரு கிணற்றைக் காட்டியிருக்கிறது. அது இன்னும் ஆழம், கயிறு புதிதாக வாங்க வேண்டும். வவுச்சர் கணக்காளரின் மேசைக்குப் போயிருக்கிறது. இன்னும் திரும்பி வரவில்லை. வணக்கம்.