திங்கள் போய் வியாழன் திரும்புறவங்களுக்கு பாம்பேல பழக ஆள் சேக்குற வழி

வணக்கம் மக்களே! பிகேசி, அதான் பாம்பேல ஆபீஸுங்க நெறஞ்ச பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ், அது பக்கத்து ஹோட்டல் ரூம்லேருந்து பேசுறேன். ஒரு சட்டை அயர்ன் பண்ண ₹140! மேல ஜிஎஸ்டி வேற! துவைக்கலைங்க, வெறும் அயர்ன். ரிசப்ஷன்ல கேட்டா அயர்ன் பாக்ஸே ரூமுக்கு வரும், ஓசில. நூத்தி நாப்பது ரூபாயாம்… சரி, விடுங்க.

சென்னைலேருந்து வாரா வாரம் வேலைக்கு பாம்பே வந்து போற நம்ம கன்சல்டன்ட் ஆளுங்க, போன வீடியோ கமெண்ட்ல பாதிப் பேருக்கு ஒரே புலம்பல்: "இங்க யாரையும் தெரியல." ஹோட்டல்காரங்க குடுக்குற ரிவார்ட் பாயிண்ட்டுக்காக வாரா வாரம் ஹோட்டல் மாத்துனா வாட்ச்மேனுக்குக் கூட உங்க மூஞ்சி பழகாது. ஒரே ஹோட்டல்ல தங்குங்க.

திங்கள் தூக்கம் சொக்கும், வியாழன் ஃப்ளைட்டு. மிச்சம் ரெண்டே சாயங்காலம். செவ்வாய் பேட்மின்டன். டபுள்ஸுக்கு நாலு பேர் போதும், ஆனா குரூப்ல ஆறு பேர் வைங்க. கிளையன்ட் கால் ரெண்டு பேரை முழுங்கிடும். எட்டானா பாதிப் பேர் பெஞ்சுல உக்காந்து ஃபோன் நோண்டுவாங்க. கோர்ட் காசை மாசம் பொறந்ததும் வசூல் பண்ணிடுங்க. ஆறுல ரெண்டு பேராவது உள்ளூர் ஆளா இருக்கணும். எல்லாரும் நம்மள மாதிரி கன்சல்டன்ட்னா, ப்ராஜெக்ட் முடிஞ்ச அன்னிக்கே குரூப்பும் காலி.

புதன் டோஸ்ட்மாஸ்டர்ஸ், மேடைப் பேச்சு பழகுற கிளப். விருந்தாளிக்குக் காசு கிடையாது. நிறைய கிளப் மாசத்துல ரெண்டு வாரம்தான் கூடும், கம்பெனிக்குள்ள நடக்குற கிளப்ல வெளியாளை விடாமலும் இருக்கலாம். அவங்க சைட்ல தேடி, மெயில் போட்டுட்டுப் போங்க. டேபிள் டாபிக்ஸ்னு ஒண்ணு, அங்கேயே குடுக்குற தலைப்புல ஒரு நிமிஷத்துலேருந்து ரெண்டு நிமிஷம் பேசணும். கூச்சப்படாம கை தூக்குங்க. பேசாதவனை அடுத்த தடவை யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க.

கிளப் இல்லாத புதன்ல மாட்டுங்கா, நம்மூர்ச் சாப்பாடு. கூட்டிட்டுப் போறவங்களுக்கு ஸ்டேஷனைத் தெளிவாச் சொல்லுங்க: மாட்டுங்கா சென்ட்ரல் லைன், மாட்டுங்கா ரோடு வெஸ்டர்ன், கிங்ஸ் சர்க்கிள் ஹார்பர். மாட்டுங்கான்னு மட்டும் சொன்னா ஆளுக்கொரு ஸ்டேஷன்ல நிப்பாங்க.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேனே! அந்த பேட்மின்டன் ஆறு பேரோட ரத்த வகை, வீட்டு ஃபோன் நம்பர், ஹோட்டல்ல தங்குறவங்க ரூம் நம்பர் எல்லாத்தையும் குரூப்ல பின் பண்ணுங்க. வாராவாரம் புது ரூம் நம்பரை அதுல மாத்திப் போடுங்க. ராத்திரி காய்ச்சல் அடிச்சா சென்னைலேருந்து வீட்டுக்காரம்மா என்ன பண்ண முடியும்? அவங்ககிட்டயும் இதுல ரெண்டு பேர் நம்பர் இருக்கணும்.

அப்புறம் பேட்மின்டன் பேட்டும் ஷூவும் சென்னைக்குத் தூக்க வேணாம். அடுத்த வாரம் புக்கிங் இருக்குன்னு சொன்னா பெல் டெஸ்க்ல, அதான் ஹோட்டல்ல லக்கேஜ் பாத்துக்குற கவுன்டர்ல, வெச்சுப்பாங்க. டேக் வாங்கி, ஃபோட்டோ எடுத்துட்டு ஃப்ளைட்டுக்குக் கிளம்புங்க.