30 சென்டிமீட்டர் முடுக்கி

அனைவருக்கும் வணக்கம். அழைப்பிதழில் இந்தப் பேச்சுக்கு ‘மேசைமேல் ஒரு செர்ன்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். செர்ன் என்பது ஜெனீவா அருகே இருக்கிற, மிகப் பெரிய துகள் முடுக்கி கொண்ட ஆய்வகம். கூட்டம் சேர்க்க நல்ல தலைப்புதான். ஆனால் அதை நம்பி வந்தவர்களிடம் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரான்கள் ஆற்றல் பெறும் பகுதி மேசையில் அடங்கிவிடும். அதற்கு ஒளி கொடுக்கிற லேசருக்குப் பெரிய கூடமே வேண்டும். முடுக்கி சின்னது, லேசர் பெரியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் துறையை இழுத்தடிப்பது லேசர்தான்.

வழக்கமான துகள் முடுக்கி ஏன் அவ்வளவு நீளம்? உள்ளே இருப்பவை உலோகக் கலங்கள். அவற்றில் ரேடியோ அலைகளைச் செலுத்தி, அந்த மின்புலத்தால் எலக்ட்ரானைத் தள்ளுகிறார்கள். மீட்டருக்கு 10 கோடி வோல்ட் என்ற அளவை நெருங்கும்போது உலோகப் பரப்பில் பொறி பறக்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் அழுத்த முடியாது, நீளத்தைத்தான் கூட்டவேண்டும். கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகம் எலக்ட்ரான்களை 50 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கொண்டுபோக 3.2 கிலோமீட்டர் எடுத்துக்கொண்டது. ஓர் எலக்ட்ரான் 100 கோடி வோல்ட்டைக் கடந்தால் பெறும் ஆற்றல்தான் ஒரு கிகா எலக்ட்ரான் வோல்ட்.

பிளாஸ்மாவில் இந்தத் தொல்லை இல்லை. அதில் அணுக்கள் ஏற்கெனவே எலக்ட்ரான்களாகவும் அயனிகளாகவும் உடைந்து கிடக்கின்றன. உடைந்துபோனதை இனி எந்த மின்புலம் வந்து உடைக்கும்?

1979-இல் தொஷிகி தஜிமா, ஜான் டாசன் என்ற இருவர் லாஸ் ஏஞ்சலீஸில் இருந்த கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து நான்கே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மிகக் குறுகிய ஒரு லேசர் துடிப்பை மெல்லிய பிளாஸ்மாவுக்குள் அனுப்பினால் என்ன ஆகும் என்பது கேள்வி. ஒளி அடர்ந்த இடத்திலிருந்து எலக்ட்ரான்கள் ஒதுக்கித் தள்ளப்படும். அயனிகள் அசையாது, ஹைட்ரஜன் அயனிகூட எலக்ட்ரானைவிட 1,836 மடங்கு கனம். துடிப்பு கடந்துபோனதும், ஒதுங்கிய எலக்ட்ரான்களை அந்த அயனிகள் திரும்ப இழுக்கும். வந்த வேகத்தில் அவை தம் இடத்தைத் தாண்டிப்போய் மறுபடி திரும்பும். இப்படித் துடிப்பின் பின்னாலேயே, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓர் அலை ஓடுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றைவிடப் பத்து மடங்குக்கு மேல் அடர்த்தி குறைந்த பிளாஸ்மாவில்கூட இந்த அலையின் மின்புலம் மீட்டருக்கு 10,000 கோடி வோல்ட் வரை போகும். உலோகக் கலத்தைப்போல ஆயிரம் மடங்கு!

கரைக்குத் திரும்பும் கட்டுமரக்காரர் சரியான அலையைப் பார்த்து, அதன் வேகத்துக்குத் துடுப்புப் போட்டு அதன்மேல் ஏறிக்கொள்வார் அல்லவா? எலக்ட்ரானும் அப்படித்தான் ஏறவேண்டும். ஏறிவிட்டால் அலையே தள்ளிக்கொண்டு போகும். ஆனால் எலக்ட்ரான் சீக்கிரமே அலையை முந்தி அடுத்த பக்கம் சறுக்கிவிடும். சறுக்கினால், பெற்ற ஆற்றலைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும். இதை மனத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சென்டிமீட்டருக்கு ஒரு கிகா எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும் என்று கட்டுரை சொன்னது. ஆதாரம்? கணினி மாதிரி மட்டும்தான். தேவையான செறிவும் குறுகலும் ஒன்றாகச் சேர்ந்த லேசர் துடிப்பு அப்போது எந்த ஆய்வகத்திலும் இல்லை. துடிப்பின் வலிமையைக் கூட்டினால், பெருக்கும் படிகமே கருகிப்போகும்.

அதற்கு வழி கண்டவர்கள் முடுக்கிக்காரர்கள் அல்ல. 1985-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார் மூரூவும் அவருடைய ஆய்வு மாணவி டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஒரு துடிப்பை 1.4 கிலோமீட்டர் ஒளியிழை வழியாக அனுப்பி நீட்டினார்கள். நீண்ட துடிப்பு வலுக்குறைந்தது என்பதால் படிகத்துக்குச் சேதம் வராது. அந்த நிலையில் பெருக்கிவிட்டு, கீற்றணிகளால், அதாவது நுண்ணிய கோடுகள் போட்ட தகடுகளால், மறுபடி சுருக்கினார்கள். கேட்க எளிமையாக இருக்கிறது, இல்லையா? ஸ்ட்ரிக்லண்டின் முதல் ஆய்வுக் கட்டுரையே அதுதான். 2018-இல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது. இன்று பெட்டாவாட் லேசர்கள் இருப்பது இந்த உத்தியால். பெட்டாவாட், அதாவது பத்துக் கோடி கோடி வாட், என்றதும் மலைக்க வேண்டாம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் உள்ள பெல்லா லேசரின் ஒரு துடிப்பில் இருப்பது சுமார் 40 ஜூல். ஒரு கிலோ அரிசியை நான்கு மீட்டர் உயரம் தூக்கினால் தீர்ந்துவிடும். அதைச் சில பத்து ஃபெம்டோ வினாடிகளில் (ஒரு ஃபெம்டோ வினாடி என்பது வினாடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) கொட்டுவதால்தான், அந்தக் கணத்தில் அதன் திறன் உலகத்தின் மொத்த மின்னுற்பத்தியைப்போல நூற்றுக்கணக்கான மடங்காகிறது.

சரி, லேசர் வந்தது. எலக்ட்ரான்களும் வந்தன, ஆனால் கண்டபடி வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஆற்றல். அதை வைத்து உருப்படியாக எதுவும் செய்ய முடியாது. 2004 செப்டம்பரில் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா என மூன்று நாட்டுக் குழுக்கள் ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில் விடை சொன்னார்கள். முன்னே சொன்ன சறுக்கலை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். எலக்ட்ரான்கள் அலையை முந்தத் தொடங்கும் இடத்திலேயே பிளாஸ்மா முடியும்படி அமைத்தால், முன்னே போனவை தயங்க, பின்னே வந்தவை எட்டிப்பிடிக்க, எல்லாம் ஏறக்குறைய ஒரே ஆற்றலோடு வெளியேறும். இதழின் அட்டையில் ‘கனவுக் கற்றை’ என்று போட்டார்கள். 25 ஆண்டுக் காத்திருப்புக்கு அது கொஞ்சமும் அதிகமில்லை.

அப்புறம் எண்கள் மளமளவென்று ஏறின. 2006-இல் பெர்க்லி குழு ஆக்ஸ்ஃபோர்டுடன் சேர்ந்து 3.3 சென்டிமீட்டரில் 1 கிகா எலக்ட்ரான் வோல்ட். 2014-இல் 9 சென்டிமீட்டரில் 4.2, பிறகு 20 சென்டிமீட்டரில் 7.8, 2024-இல் 30 சென்டிமீட்டரில் ஏறத்தாழ 10. செய்தித்தாள்களில் வருவது இந்த எண்கள்தான். இவை பெரிய சாதனைகள், மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்த சோதனை வேறு.

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் டெசி ஆய்வகத்தில் லக்ஸ் என்றொரு கருவி. அது ஒரு கிகாவைக்கூட எட்டவில்லை. அங்கே அதை ஒரு நாளுக்கும் மேலாக, விநாடிக்கு ஒரு துடிப்பு என்ற கணக்கில் ஓடவிட்டு, தொடர்ந்து ஒரு லட்சம் எலக்ட்ரான் கற்றைகளை எடுத்தார்கள். 2020-இல் வெளியான அந்தக் கட்டுரையில், கற்றையின் ஆற்றல் ஏன் கூடிக் குறைகிறது, லேசரின் எந்தத் தடுமாற்றம் அதற்குக் காரணம் என்று தரவை வைத்தே பிரித்துக் காட்டினார்கள். ஒருமுறை பிரமாதமாக வந்து மறுமுறை வராத கற்றையை மருத்துவமனையில் யார் வாங்குவார்கள்? கருவி என்ற பெயர் லட்சம் முறை ஒரே மாதிரி வேலை செய்வதற்குத்தான்.

பெரிய மோதல் முடுக்கி கட்ட இதைப் பயன்படுத்தலாமா என்று கேட்பீர்கள். இப்போதைக்கு இல்லை என்பது என் கணிப்பு. மோதலுக்கு விநாடிக்கு ஆயிரக்கணக்கான துடிப்புகள் வேண்டும். பெல்லா விநாடிக்கு ஒன்று தருகிறது. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இந்த வகை லேசரின் ஒளியாக வருவதில்லை. தவிர, எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானுக்கு இந்த அலை சரிப்பட்டு வருவதில்லை. அயனிகள் நடுவில் நின்று அதை வெளியே தள்ளிவிடும். எக்ஸ்-கதிர் வேலைகளில்தான் பலன் முதலில் தெரியும் என்று நினைக்கிறேன். லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு இந்த முறையில் பெற்ற எக்ஸ்-கதிரால் எலும்பின் உள்நுண்ணமைப்பைப் படமெடுத்திருக்கிறது. நம் நாட்டிலும் இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்திலும் மும்பையின் டாடா ஆய்வு நிலையத்திலும் இந்த வகை லேசர்கள் இருக்கின்றன.

2025-இல் அதே ஹாம்பர்க்கில் இன்னொன்று நடந்தது. பிளாஸ்மாவிலிருந்து வந்த கற்றையின் ஆற்றல் சிதறலை ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார்கள். எப்படித் தெரியுமா? காந்தங்களால் கற்றையை நீட்டி, அதன் முன்பகுதியையும் பின்பகுதியையும் ஒரு ரேடியோ அலைக் கலத்தால் சரிசெய்தார்கள். எந்த உலோகக் கலத்தை ஓரங்கட்டத்தான் இந்தத் துறை பிறந்ததோ, அதே கலம்! இப்போது டெசியில் பெட்ரா 4 என்ற எக்ஸ்-கதிர் வளையத்தைத் திட்டமிட்டு வருகிறார்கள். அதற்கு எலக்ட்ரான்களை ஊட்டிவிடும் வேலையைப் பிளாஸ்மாவிடம் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள். வளையத்தையே ஒழித்துவிடும் என்று பேசப்பட்ட தொழில்நுட்பத்துக்கு வாசல் வேலைதான் முதலில் கிடைக்கும்போல. பரவாயில்லை, சம்பளம் வருகிற வேலைதானே.