கலி நீங்கிய இடம்

எல்லோருக்கும் வணக்கம்.

வாழ்க்கையில் அடிபட்டு, மெல்ல எழுந்து, மறுபடி ஒருவரை நேசிக்கத் துணிகிற மனிதர்களின் கதைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்தக் கதைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்தாலும் கீழே வைக்காமல் படிப்பேன். கண் கலங்கும். இவற்றை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களையும் மனதில் வைத்துத்தான் முதலில் மகாபாரதத்துக்குப் போகிறேன்.

வன பருவம். தருமன் காட்டில் இருக்கிறான். சூதாட்டத்தில் நாடு போயிற்று, மானமும் போயிற்று. அங்கே வரும் பிருகதசுவர் என்ற முனிவரிடம், தன்னைவிடத் துர்பாக்கியம் பிடித்தவன் யாராவது உண்டா என்று கேட்கிறான். உடைந்து போன மனிதன் கேட்கிற கேள்வி அது. நம்மில் பலர் ஏதோ ஒரு ராத்திரியில் அதே கேள்வியைக் கேட்டிருப்போம். அதற்கு முனிவர் என்ன செய்கிறார்? உட்கார்ந்து ஒரு காதல் கதை சொல்கிறார். அதுதான் நளன் தமயந்தி கதை.

அன்னத்தைத் தூது விட்டது, சுயம்வரம், சூதில் தோற்றது, நடுக்காட்டில் தூங்குகிறவளின் சேலையில் பாதியை அறுத்துக்கொண்டு நளன் போனது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் வரும் ஒரு தேர்ப் பயணத்தைப் பற்றி.

நளன் இப்போது அரசன் இல்லை. கார்க்கோடகன் என்ற பாம்பு தீண்டி உருவம் மாறி, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் தேரோட்டியாக இருக்கிறான். தமயந்திக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தனக்கு இரண்டாம் சுயம்வரம், அதுவும் மறுநாளே என்று அயோத்திக்குச் செய்தி அனுப்புகிறாள். ஒரே பகலில் அவ்வளவு தூரம் தேர் ஓட்டக்கூடியவன் நளன் என்பது அவளுக்குத் தெரியும்.

தேர் பறக்கிறது. மன்னனின் மேலாடை நழுவி விழுகிறது. நிறுத்தச் சொல்லி அவன் வாய் திறப்பதற்குள் அந்த இடம் வெகுதூரம் பின்னால் போய்விட்டது. வியந்து போன மன்னன் தன் வித்தையைக் காட்டுகிறான். வழியில் நின்ற ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, இதில் இத்தனை இலை, இத்தனை காய் என்கிறான். நளன் தேரை நிறுத்துகிறான். நேரமாகிறதே என்று மன்னன் பதறுகிறான். நளன் கேட்கவில்லை, இறங்கிப் போய் எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. என் குதிரை வித்தையை உனக்குத் தருகிறேன், இதை எனக்குச் சொல்லிக்கொடு என்கிறான். அந்த வித்தையோடு சேர்ந்ததுதான் சூதின் சூட்சுமம். தான்றிக் காயைத்தான் அந்தக் காலத்தில் சூதாட உருட்டினார்கள். அதைக் கற்றுக்கொண்ட கணத்தில், அவனைச் சூதில் தோற்க வைத்து, அத்தனை நாள் உள்ளே குடியிருந்த கலி என்ற தீய தெய்வம் அவன் உடம்பை விட்டு வெளியேறுகிறது.

எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் புல்லரிக்கும். கலி நீங்கியபோது தமயந்தி பக்கத்தில் இல்லை. நடுவழியில், ஒரு மரத்தடியில், எதில் தோற்றானோ அதைக் கற்றுக்கொண்டபோது நீங்கியது. அவளிடம் போகிற அவசரம் இல்லையென்றால் அவன் அந்தச் சாலைக்கே வந்திருக்க மாட்டான் என்பதும் உண்மை. காதல் ஒருவரைச் சாலைக்குக் கொண்டுவந்து விடுகிறது. மரத்தடியில் இறங்கி எண்ணுவது அவரவர் வேலை. நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான்.

சந்தித்த உடனேயும் அவர்கள் ஓடி வந்து அணைத்துக்கொள்ளவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மனைவியைக் காட்டில் விட்டுப் போகிறவன் உண்டா என்று தமயந்தி அவன் முகத்துக்கு நேரே கேட்கிறாள். அவனும் இரண்டாம் சுயம்வரத்தைப் பற்றிக் கேட்கிறான். இருவரும் மனதில் இருந்ததைக் கொட்டிய பிறகுதான் சேர்கிறார்கள். நம் புகழேந்திப் புலவர் நளவெண்பாவை மூன்று காண்டமாகப் பிரித்து, மூன்றாவதற்குக் கலிநீங்கு காண்டம் என்றே பெயர் வைத்தார். துன்பம் வந்ததைப் பாட ஒரு காண்டம் என்றால், அது விலகுவதைப் பாடவும் ஒரு முழுக் காண்டம். இன்றைக்கு எழுதுகிற பலர் துன்பத்துக்கு இருநூறு பக்கம் கொடுத்துவிட்டு, எழுந்து நிற்பதற்கு இரண்டு பக்கம் கொடுக்கிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது.

இதே நேர்மையை, சார்லட் பிராண்ட்டே எழுதி 1847-இல் வெளிவந்த ஜேன் ஐர் என்ற ஆங்கில நாவலிலும் பார்க்கலாம். தான் நேசித்தவருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது கல்யாணத்தன்று தெரிந்து, ஜேன் கையில் ஒன்றுமில்லாமல் வெளியேறுகிறாள். பசியில் சுருண்டு விழுகிறாள். அப்புறம் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். உறவினர்கள் கிடைக்கிறார்கள். 20,000 பவுண்டு சொத்து வருகிறது. அதை நான்காகப் பங்கிட்டுத் தனக்கு ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொள்கிறாள். பிறகுதான் திரும்பிப் போகிறாள். போகும்போது அவளுக்கு யாருடைய தயவும் தேவையில்லை. அங்கே அவள் நேசித்த ராச்செஸ்டர் தீ விபத்தில் பார்வையையும் ஒரு கையையும் இழந்து உட்கார்ந்திருக்கிறார். சார்லட் பிராண்ட்டே அவளை இந்தப் பள்ளிக்கூடம் வழியாக அழைத்துப் போகாமல் நேரே திருப்பி அனுப்பியிருந்தால், அந்தக் காதலை நான் நம்பியிருக்க மாட்டேன்.

காதல் வந்து எல்லாக் காயத்தையும் ஆற்றிவிடும் என்று எழுதுகிற கதைகளைப் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. நிஜமாகவே கஷ்டத்தில் இருப்பவர்தான் அதை ஆசையோடு படிக்கிறார். யாரோ வருவார்கள் என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டால்? வருகிற ஆள் நல்லவராக இல்லாவிட்டால்? மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதிய நூலில், கொடுமைக்கு ஆளானவர்கள் மீண்டு வருவதை மூன்று கட்டமாகச் சொல்கிறார். முதலில் பாதுகாப்பு. அப்புறம் நடந்ததை நினைத்துப் பார்த்து, இழந்ததற்காக அழுவது. மூன்றாவதாகத்தான் உலகத்தோடும் மனிதர்களோடும் மறுபடி சேர்வது. கதை எழுதுகிறவர்கள் இந்த வரிசையைத் தெரிந்துவைத்திருந்தால் நல்லது. முதல் கட்டமே முடியாத ஒருத்தியை மூன்றாவதற்கு இழுத்துக்கொண்டு போகிற காதலன், எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும், எனக்குக் கதாநாயகன் இல்லை.

துணையை இழந்தவர்களைப் பற்றி எழுதும்போது இன்னொன்று. 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், துக்கம் நேர்கோட்டில் குறைவதில்லை, ஊசல் போல ஆடும் என்றார்கள். இன்று இழப்பை நினைத்து அழுவார்கள். நாளை புது வாழ்க்கைக்கான வேலையில் இறங்குவார்கள். மறுநாள் பழையபடி அழுகை. இரண்டு பக்கமும் போய்வருவதுதான் தேறுவதன் இயல்பு. புதிதாக ஒருவர் மேல் பிரியம் வந்த அன்று சாயங்காலமே, போனவரின் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வது துரோகம் ஆகாது. அந்தச் சட்டையை எடுத்து மறைக்கச் சொல்லாத ஆளைத்தான் இரண்டாவது காதலாக எழுத வேண்டும்.

சரி, நெடுநாளாக மனதில் வைத்திருக்கும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். இன்னும் கதையாக எழுதவில்லை.

அடி வாங்கிய வீட்டை விட்டு வந்து, ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறாள் ஒருத்தி. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் சுதந்திரமே அவளுக்குப் புதிது. கூட வேலை செய்கிற ஒருவன், அவள் மறந்து விட்டு வந்த குடையைக் கொடுக்க வருகிறான். கதவைத் தட்டுகிறான், ஒரே ஒரு முறை. தட்டிவிட்டு நான்கு படி கீழே இறங்கி, ஜன்னலிலிருந்து பார்த்தால் முழு ஆளும் தெரிகிற மாதிரி, கைகளை வெளியே வைத்து நிற்கிறான். கதவு திறக்கவில்லை. குடையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறான். ஏன் திறக்கவில்லை என்று மறுநாள் கேட்கவும் இல்லை.

அடுத்த முறையும் அப்படித்தான். ஒரு தட்டு, நான்கு படி. அதற்கடுத்த முறை கதவு ஒரு விரல் அகலம் திறக்கிறது.

இடையில் அவள் ஒரு தேர்வு எழுதுகிறாள். முதல் மாதச் சம்பளத்தில் தனக்கென்று ஒரு நாற்காலி வாங்குகிறாள். சில மாதம் கழித்து இன்னொரு நாற்காலி வாங்குகிறாள். அது யாருக்கு என்று அவளே இன்னும் முடிவு செய்யவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் அவன் வந்து தட்டுகிறான். வழக்கம்போலப் படியிறங்கத் திரும்புகிறான். முதல் படியில் கால் வைப்பதற்குள், பின்னால் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்கிறது.

நன்றி, வணக்கம்.