ரெண்டு களை வேற, விளம்ப காலம் வேற

வணக்கம். பாலக்காட்டுல இருந்து பேசறேன். பாட்டு கத்துக்கறவங்க கீழ்க்காலம், விளம்ப காலம், ரெண்டு களை மூணையும் ‘மெதுவா பாடறது’ன்னு ஒரே மூட்டையா கட்டிடறாங்க. மூணும் தனித்தனி.

வர்ணம்ங்கற பாட்டை கீழ்க்காலத்துல, அதாவது முதல் வேகத்துல பாடிட்டு மேல்காலம் போறீங்க. தாளம் மாறாது, ஸ்வரம்தான் ரெண்டு மடங்கா விழும். விளம்ப காலம்னா தாளமே நிதானமா நடக்குது. க்ஷேத்ரய்யா எழுதின பதங்கள்ங்கற பாட்டுகளோட நடை அது. ரெண்டு களைங்கறது தாளம் போடற முறை, ஒவ்வொரு எண்ணிக்கையையும் கையில ரெண்டு தடவை போடறது. அவ்வளவுதான். மேற்கத்திய இசையில அடாஜியோ, லார்கோன்னு எழுதி, பல சமயம் பக்கத்துலயே மெட்ரோனோம் எண்ணும், அதாவது தாளம் தட்டற கருவியில நிமிஷத்துக்கு எத்தனை தட்டுங்கறதும் போட்டிருப்பாங்க. நமக்கு அந்த எண் கிடையாது, பாடறவர் எடுக்கற முதல் வரிதான் கணக்கு. அதனாலதான் எடுத்த இடத்துலயே நிக்கறது இவ்வளவு முக்கியம்.

இப்ப என் கையைப் பாருங்க. ஆதி தாளம், ரெண்டு களை. தட்டு தட்டு, சுண்டுவிரல் ரெண்டு, மோதிரவிரல் ரெண்டு, நடுவிரல் ரெண்டு. அப்புறம் தட்டு ரெண்டு, வீச்சு ரெண்டு, மறுபடி தட்டு ரெண்டு, வீச்சு ரெண்டு. மொத்தம் 16. மெட்ரோனோமை 60-ல வெச்சா ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தோட ஒரு முழுச் சுத்து, 16 செகண்ட், நாலு ஆவர்த்தனம் 64. போன்ல ரெக்கார்டு பண்ணி, மெட்ரோனோம் இல்லாம நாலு ஆவர்த்தனம் பாடுங்க. 58 செகண்ட்ல முடிஞ்சா வேகம் கூடி ஓடியிருக்கீங்க.

எங்க ஓடும்? பெரும்பாலும் கார்வையில, அதாவது ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கற இடத்துல. மூச்சு தீரப்போகுதுன்னு தெரிஞ்சதும் தொண்டை அடுத்த எழுத்துக்கு அவசரப்படும், கையும் பின்னாலயே போயிடும். இன்னொரு இடம் கடைசி வீச்சு. சமம், அதாவது அடுத்த ஆவர்த்தனத்தோட முதல் தட்டு, கண்ணுக்குத் தெரிஞ்சதும் ரெண்டாவது வீச்சைச் சுருக்கிடுவாங்க. ரெண்டுக்கும் ஒரே மருந்து: ஒவ்வொரு தட்டுக்குள்ளயும் ‘தகதிமி’ மனசுல ஓடணும். 16 தட்டுக்கு 64 மாத்திரை. கை நிதானமா இருக்கற அளவுக்கு உள்ள எண்ணிக்கை நெருக்கமா இருக்கணும், காலியா விட்டா போச்சு!

எங்க பக்கத்து செண்டை மேளமான பஞ்சாரி மேளத்தை நின்னு கேளுங்க. முதல் காலத்துல ஒரு சுத்துக்கு 96 அட்சரம் (எண்ணிக்கை), அப்புறம் 48, 24, 12, 6. கூட்டம் கடைசிக் காலத்துக்குத்தான் கை தூக்கும். ஆனா மேளத்தோட பலம் அந்த 96-லதான் இருக்கு, அத்தனை செண்டையும் அவ்வளவு பெரிய வட்டத்தைக் கலையாம கொண்டு போகணுமே.

சாதகம் இப்படிப் பண்ணுங்க. முதல்ல 60-ல எல்லா தட்டுக்கும் சத்தம். சரியா வந்ததும் 30-க்கு இறக்குங்க, ஜோடியில முதல் தட்டுக்கு மட்டும் சத்தம் கேக்கும், ரெண்டாவதை நீங்களே போடணும். அதுவும் நின்னா மெட்ரோனோமை அணைச்சுட்டு ரெக்கார்டிங்ல பாருங்க. கீர்த்தனையில ஆரம்பிக்காதீங்க. முதல்ல வெறும் ‘ஸா’ பிடிச்சுப் பண்ணுங்க, அடுத்து ஒரு அலங்காரம்ங்கற ஸ்வரப் பயிற்சி, சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், அதுக்கப்புறம்தான்.