சிஐஎச்: 1 கேபிக்குள் அடங்கிய வைரஸ்

(திரையில்: விண்டோஸ் 98 தொடக்கத் திரை. ஓரத்தில் தேதி: 26 ஏப்ரல் 1999)

அன்று ஆன் செய்த ஏராளமான கணினிகள் அப்படியே முடங்கிப்போயின. தென் கொரியாவிலும் துருக்கியிலும் பாதிப்பு மிக அதிகம். காரணம், தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் 1998-இல் எழுதிய சிஐஎச் வைரஸ். செர்னோபில் விபத்து நடந்த அதே தேதி என்பதால் அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது.

(திரையில்: இஎக்ஸ்இ ஃபைலின் குறுக்குவெட்டு, நடுநடுவே வெற்றிடங்கள்)

விண்டோஸில் ஒரு ப்ரோகிராமை ஓட்டும் ஃபைல்தான் இஎக்ஸ்இ. அதன் ஒவ்வொரு பகுதியும் குறிப்பிட்ட அளவின் மடங்காக இருக்கவேண்டும். அதனால் பகுதியின் கடைசியில் கொஞ்சம் இடம் காலியாகக் கிடக்கும். சிஐஎச் தன்னைத் துண்டுதுண்டாக்கி அந்த இடங்களில் செருகிக்கொள்ளும். ஃபைலின் அளவு ஒரு பைட்டும் ஏறாது. அளவை மட்டும் பார்த்தவர்களிடம் இது சிக்கவே இல்லை.

ஒருமுறை ஓடினால் போதும். ப்ராசஸருக்கு ஒரு குறுக்கீடு வந்தால் எந்தக் கோடை ஓட்டவேண்டும் என்று சொல்லும் இன்டரப்ட் டேபிளைத் திருத்தி, கணினியின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 95-உம் 98-உம் அந்த டேபிளைப் பூட்டி வைக்கவில்லை. விண்டோஸ் என்டி பூட்டியிருந்தது, அங்கே இது செல்லாது.

அதன்பின் திறக்கப்படும் ஒவ்வொரு இஎக்ஸ்இ-யும் தொற்றுக்கு இரை. இங்கேதான் பலர் தவறினார்கள். வைரஸ் நினைவகத்தில் இருக்கும்போதே ஸ்கேனரை ஓட்டினால், அது சோதிக்கத் திறக்கும் ஃபைல்களுக்கெல்லாம் தொற்று பரவும். சுத்தமான, எழுதத் தடைசெய்த டாஸ் ஃபிளாப்பியில் பூட் செய்து ஸ்கேன் செய்வதே சரியான வழி.

(திரையில்: ஹார்டு டிஸ்க் வரைபடம், முதல் 1 எம்பி சிவப்பில்)

குறித்த நாளில் டிஸ்கின் முதல் 1 எம்பியை அழிக்கும். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் டேபிள் போய்விடும். ஆனால் டேட்டா மீளுமா என்பதை முடிவுசெய்வது ஃபேட் வகை. ஃபைல்கள் டிஸ்கில் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துவைக்கும் டேபிள்தான் ஃபேட்; அதற்கு இரண்டு பிரதிகள் இருக்கும். ஃபேட்16-இல் ஒரு டேபிள் அதிகபட்சம் 128 கேபி; இரண்டு பிரதியும் ரூட் டைரக்டரியும் அந்த 1 எம்பிக்குள் சேர்ந்தே அழியும். 4 ஜிபி ஃபேட்32 பார்ட்டிஷனில், டிஸ்க் இடத்தை ஒதுக்கும் அலகான கிளஸ்டர் 4 கேபி என்றால், ஒரு டேபிளே சுமார் 4 எம்பி. இரண்டாவது பிரதி அதற்கு அப்பால் பத்திரமாக இருக்கும். பார்ட்டிஷன் டேபிளையும் பூட் செக்டரையும் மறுபடி எழுதி, அந்தப் பிரதியை முதலாவதன் இடத்தில் நகலெடுத்தால் ஃபைல்கள் திரும்பிவிடும். அவசரப்பட்டு ஃபார்மேட் செய்தால் அதுவும் போச்சு.

அடுத்த அடி, கணினியைத் தொடங்கிவைக்கும் ப்ரோகிராம் இருக்கும் பயாஸ் சிப்புக்கு. இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் போன்ற சில மதர்போர்டுகளில்தான் பலித்தது. அந்தச் சிப்பில் எழுதுவதை மதர்போர்டின் ஜம்பர் (சிறு இணைப்பு) தடுத்திருந்தால் தப்பியது. பலித்த இடத்தில் திரையே வராது. சிப் சாக்கெட்டில் இருந்தால் கழற்றி, சிப்பில் எழுதும் ப்ரோகிராமர் கருவியில் புதிதாக எழுதிப் பொருத்தலாம். சால்டர் செய்திருந்தால் பெரும்பாலும் மதர்போர்டையே மாற்றவேண்டி வந்தது.