கடல் வத்துன நேரத்துல அரோமாஞ்ச்: நார்மண்டி தரையிறக்கமும் ஓதக் கணக்கும்

வணக்கம். காத்து ரொம்ப அடிக்குது, அதனால மைக்கைக் கோட்டுக்குள்ள வெச்சுப் பேசறேன். குரல் மந்தமா கேட்டா பொறுத்துக்கோங்க.

நான் நிக்கிற ஊர் அரோமாஞ்ச். பிரான்ஸோட வடக்குக் கரை, நார்மண்டி. எனக்குப் பின்னாடி கருப்பா, பாசி பிடிச்சு, பெட்டி பெட்டியா தெரியுதுல்ல? பாறைன்னு நினைச்சுடாதீங்க. கான்கிரீட். 1944 ஜூன் மாசம் இங்கிலாந்துல இருந்து கடல் வழியா இழுத்துட்டு வந்து இங்க இறக்குனது. 80 வருஷம் தாண்டியும் நிக்குது.

காலையில நான் வந்தப்ப இப்ப நான் நிக்கிற மணல் தண்ணிக்கு அடியில இருந்துச்சு. அந்தக் கரைச்சுவர் மேல நின்னு பார்த்தேன், அலை சுவர்ல வந்து அடிச்சுது. இப்ப பாருங்க, கடல் எங்கேயோ போயிடுச்சு. இந்தக் கரையில ஓதம் ஏறி இறங்குற அளவு 6, 7 மீட்டர் வரைக்கும் போகும். ரெண்டு மாடி வீட்டு உயரம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வத்தும்.

இரண்டாம் உலகப்போர்ல, ஜெர்மனி பிடிச்சு வெச்சிருந்த பிரான்ஸை மீட்க பிரிட்டன், அமெரிக்கா, கனடா படைங்க இந்தக் கரையில இறங்குன நாள்தான் டி-டே. அதைச் சொன்னாலே டேங்கு, துப்பாக்கி, தளபதிங்க பேருதான் வரும். எனக்கு இங்க வந்து நின்னதுல இருந்து இந்தத் தண்ணி மேலதான் புத்தி ஓடுது. 1944 ஜூன் 6 அன்னைக்கு ஒரே நாள்ல சுமார் 1,56,000 பேர் இந்தக் கரையில இறங்குனாங்க, கடல் வழியாவும் வான் வழியாவும். சின்னதும் பெரிசுமா கிட்டத்தட்ட 7,000 கப்பல், படகு. அத்தனையும் இந்த ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் கட்டுப்பட்டுத்தான் வந்தாகணும். அந்தக் கணக்கைப் போட்டவங்க யாரு? அதைத்தான் இன்னைக்கு சொல்லப் போறேன்.

முதல்ல, 1942 ஆகஸ்ட் 19. இங்கிருந்து கிழக்கே தியெப்னு ஒரு துறைமுக ஊர். அங்க சுமார் 6,000 பேரை நேரா இறக்கிப் பார்த்தாங்க. அதுல கிட்டத்தட்ட 5,000 பேர் கனடாக்காரங்க. அன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. கனடாக்காரங்கள்ல மட்டும் 907 பேர் செத்தாங்க, அதைவிட ரெண்டு மடங்கு பேர் பிடிபட்டாங்க. அந்த இழப்புல இருந்து ஒன்னு தெளிவாச்சு: காவல் இருக்கிற துறைமுகத்தை முன்வாசல் வழியாப் பிடிக்க முடியாது. துறைமுகம் இல்லாத வெறும் மணல்லதான் இறங்கணும். ஆனா வெறும் மணல்ல லட்சக்கணக்கான பேருக்குச் சோறு, குண்டு, பெட்ரோல் எப்படி இறக்குறது? பின்னாடி தெரியுதே அந்தப் பெட்டி, அதான் பதில். அதுக்கு அப்புறம் வரேன்.

வெறும் மணல்னு சொன்னேன். அந்த மணல் லாரியைத் தாங்குமா, டேங்கைத் தாங்குமா, அடியில களிமண் இருக்கான்னு மேல இருந்து எடுத்த போட்டோவை மட்டும் வெச்சு உறுதியாச் சொல்ல முடியாது. 1943 டிசம்பர் 31 ராத்திரி, புத்தாண்டு பிறக்கிற நேரம், ரெண்டு பேர் இந்தப் பக்கத்துக் கரைக்கே நீந்தி வந்தாங்க. லோகன் ஸ்காட்-பௌடன், புரூஸ் ஆக்டன்-ஸ்மித். டிசம்பர் மாசத் தண்ணி! கரையில ஜெர்மன் காவல். ரெண்டு பேரும் மணல்ல ஊர்ந்து ஊர்ந்து, துளை போட்டு, மண்ணை எடுத்துக் குழாய்ல அடைச்சுக்கிட்டு, திரும்பக் கடலுக்குள்ள நீந்திப் போனாங்க. நான் இப்ப குனிஞ்சு ஒரு பிடி மணல் எடுக்கிறேன் பாருங்க. இந்த ஒரு பிடிக்காக அவங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. எனக்கு உடம்பு சிலிர்க்குது.

சரி, ஓதம். ஜெர்மன் பக்கம் இந்தக் கரைக் காவலைப் பலப்படுத்துனவர் ரோமெல். எதிரி வந்தா கடல் ஏறி இருக்கிறப்பதான் வருவான், மணல்ல ஓடுற தூரம் குறையும்ல, அப்படின்னு அவர் கணக்கு. அதனால மரக் கழி, இரும்புச் சட்டம், நுனியில கண்ணிவெடின்னு இந்த மணல் பூரா நட்டு வெச்சாரு. தண்ணி ஏறுனா எல்லாம் மறைஞ்சிடும். படகு தெரியாம மேல ஏறும், கிழிஞ்சிடும். மேல பறந்த விமானம் போட்டோ எடுத்தப்ப, தண்ணி வத்துன நேரத்துல இது அத்தனையும் வெளிய தெரிஞ்சுது. உடனே திட்டம் மாறுச்சு. ஓதம் தாழ்ந்து, ஏற ஆரம்பிக்கிற நேரத்துல இறங்கணும். முதல்ல வர்றவங்க தடையை வெடி வெச்சு எடுக்கணும். தண்ணி ஏற ஏற அடுத்தடுத்த படகு உள்ள வரணும், இறக்கிட்டு மிதந்து திரும்பணும். அதுவும் விடிஞ்ச உடனே நடக்கணும், முந்துன ராத்திரி பாராசூட்காரங்களுக்கு நிலா வெளிச்சமும் வேணும். இப்படி எல்லாம் பொருந்தி வர்ற நாள் ஒரு மாசத்துல சிலதுதான். ஜூன்ல 5, 6, 7. அதை விட்டா 19-ஐ ஒட்டின நாளுங்க, அப்ப ஓதம் பொருந்தும், ஆனா நிலா வெளிச்சம் இருக்காது.

ஓதம் எத்தனை மணிக்கு எவ்வளவு இருக்கும்னு மாசக்கணக்குக்கு முன்னாடியே கணக்குப் போட்டவர் ஆர்தர் டூட்சன். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில பிட்ஸ்டன்ங்கிற குன்று மேல இருந்த ஆய்வகம். கம்ப்யூட்டர் வராத காலம். அவர்கிட்ட இருந்தது பித்தளைச் சக்கரமும் கப்பியும் வெச்ச ரெண்டு யந்திரம். நிலாவோட இழுப்பு ஒரு சக்கரம், சூரியனோட இழுப்பு ஒரு சக்கரம், நிலா கிட்ட வர்றதுக்கும் தள்ளிப் போறதுக்கும் ஒன்னு, இப்படி ஒவ்வொன்னுக்கும் ஒரு சக்கரம். எல்லாத்து மேலயும் ஒரே கம்பி ஓடும். எல்லா அசைவையும் கூட்டி ஒரு பேனா தாள்ல கோடு போடும். அந்தக் கோடுதான் கடலோட நாளைய உயரம். குண்டு விழுந்தா ரெண்டும் ஒன்னா போயிடக் கூடாதுன்னு யந்திரங்களைத் தனித்தனியா பிரிச்சு வெச்சிருந்தாங்க.

எந்தக் கரைன்னு அவர்கிட்ட சொல்லவே இல்லை. கடற்படையில இருந்து ஃபார்குஹார்சன்ங்கிறவர் எண்களை மட்டும் அனுப்புனார், இடத்துக்குப் பேரு 'நிலை இசட்'. டூட்சனுக்குக் காது ரொம்பவே மந்தம். முதல் உலகப்போர்ல ஆயுதம் எடுக்க என் மனசாட்சி இடம் கொடுக்காதுன்னு மறுத்த மனுஷன். அவர் போட்ட கோட்டை நம்பித்தான் ஜூன் 6 நடந்துச்சு. ஒவ்வொரு கரைக்கும் நேரம் வேற வேற ஆனதும் இதனாலதான். மேற்கே அமெரிக்கப் பக்கம் 6:30. இங்க, கோல்டுன்னு ரகசியப் பேரு வெச்ச கரையில 7:25. ஓதம் மேற்குல இருந்து கிழக்கா ஏறி வருது, படையும் அது பின்னாடியே வந்துச்சு.

இந்த ஓதம் கொன்னும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. மேற்கே, அமெரிக்கர்கள் இறங்குன ஓமஹா கரைக்கு நேத்து போயிருந்தேன். அங்க குன்று மேல இருந்து இயந்திரத் துப்பாக்கி அடிச்சுக்கிட்டே இருந்ததால, தடையை எடுக்க வந்தவங்களால பாதியைக் கூட எடுக்க முடியல. ஒரு படைப்பிரிவு கடல்ல இறக்கி விட்ட 29 நீந்தும் டேங்குல 27 மூழ்கிடுச்சு. தண்ணி யாருக்காகவும் நிக்கல, ஒரு மணி நேரத்துல ஒரு மீட்டருக்கும் மேல ஏறிக்கிட்டே வந்துச்சு. காயம் பட்டு, நகர முடியாம மணல்ல கிடந்தவங்க அதுல மூழ்கிச் செத்தாங்க. நேத்து அங்க கேமராவே எடுக்கல. எடுக்கத் தோணல.

ஜூன் 6-ங்கிறதே ஒரு நாள் தள்ளிப்போன தேதிதான், முதல்ல குறிச்சது 5. அயர்லாந்தோட மேற்குக் கோடியில பிளாக்சோடுன்னு ஒரு முனை. அங்க தபால் நிலையத்துல வேலை பார்த்த மோரீன் ஃப்ளாவின்ங்கிற பொண்ணு, காத்தழுத்தமானியைப் பார்த்து எழுதி அனுப்புறது அவங்க வேலைல ஒன்னு. ஜூன் 3, அவங்களோட 21-வது பிறந்தநாள். அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி அழுத்தம் சரசரன்னு இறங்குறதைப் பார்த்து எழுதி அனுப்புனாங்க. உடனே திரும்பத் திரும்ப போன்: இன்னொரு தடவை பாருங்க, சரிதானா? சரிதான்னாங்க. அயர்லாந்து போர்ல சேராத நாடு, ஆனா வானிலைத் தகவலை மட்டும் கொடுத்துக்கிட்டு இருந்துச்சு. அப்படி வந்த அளவுகளை வெச்சு வானிலை அதிகாரி ஜேம்ஸ் ஸ்டாக், 5-ம் தேதி புயல், போகக் கூடாதுன்னு தலைமைத் தளபதி ஐசன்ஹோவர்கிட்ட சொன்னார். அடுத்து, 6-ம் தேதி சின்னதா ஒரு இடைவெளி கிடைக்கும்னும் அவரே சொன்னார். ஜெர்மன்காரங்களுக்கு அட்லாண்டிக்ல இருந்து வர்ற அளவு ரொம்பக் குறைவு, அந்த இடைவெளி கண்ணுல படல. ரோமெல் மனைவியோட பிறந்தநாளுக்கு வீட்டுக்குப் போயிட்டார். தான் பார்த்துச் சொன்ன அழுத்தம் எதுக்குப் பயன்பட்டுச்சுன்னு மோரீனுக்குத் தெரிய வந்தது 1956-ல. 2023-ல, 100 வயசுல காலமானாங்க.

இப்ப அந்தப் பெட்டிக்கு வரேன். கொஞ்சம் கிட்டப் போறேன், கேமரா ஆடும். ...இதோ. தொட்டா சொரசொரன்னு இருக்கு, சிப்பி ஒட்டியிருக்கு. கரையில கிடக்கிறது சின்னது. மிதவைப் பாலத்தைத் தாங்குன மிதவை இது. தூரத்துல நிக்கிறதுதான் பெரிசு. அதுல பெரிய அளவு 60 மீட்டர் நீளம், 18 மீட்டர் உயரம், 6,000 டன். கான்கிரீட் எப்படி மிதக்கும்? உள்ள காலியா இருக்கும், கப்பல் மாதிரி. இழுவைக் கப்பல் கட்டி, வேகமா நடக்கிற ஆளோட வேகத்துல இழுத்துட்டு வந்தாங்க. இடத்துக்கு வந்ததும் வால்வைத் திறந்து தண்ணியை விட்டா உக்காந்துடும். பழைய கப்பல்களையும் வரிசையா மூழ்கடிச்சாங்க. வெளிய அலையைத் தடுக்க இந்தச் சுவர், உள்ள சரக்கு இறக்குற மேடை. மேடைக்கு நாலு கால், அதைப் பிடிச்சு ஓதத்தோடயே ஏறி இறங்கும். அங்கிருந்து கரைக்கு மிதக்கிற சாலை. கடலோட ஏறி இறங்கணும்னு 1942 மே மாசமே சர்ச்சில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: வாதாட வேண்டாம், சிரமங்கள் தானே வந்து வாதாடும்னு.

அரோமாஞ்ச் ஊர் வீடெல்லாம் நல்லா நிக்குதே, கவனிச்சீங்களா? துறைமுகம் போட இந்த இடம் வேணும்னு, நேரா இங்க இறங்காம பக்கத்துல இறங்கிச் சுத்தி வந்து பிடிச்சாங்க. எல்லா ஊருக்கும் இந்தக் கொடுப்பினை இல்ல. கான் நகரம் தரைமட்டமாச்சு. நார்மண்டி மக்கள் சுமார் 20,000 பேர் அந்தக் கோடையில செத்தாங்க, பெரும்பாலும் அவங்களை விடுவிக்க வந்தவங்களோட குண்டுல.

இப்படிப்பட்ட துறைமுகம் ரெண்டு போட்டாங்க, ஒன்னு இங்க, இன்னொன்னு ஓமஹாவுல. ஜூன் 19-ம் தேதி பெரும்புயல். நாலு நாள் அடிச்சுது. ஓமஹா துறைமுகம் போச்சு, திரும்பக் கட்டவே இல்லை. இங்க இருந்ததும் அடி வாங்குச்சு, ஆனா வெளிய கால்வடோஸ் பாறைத்திட்டு கொஞ்சம் மறைவு கொடுத்ததால தப்பிச்சுது. தேதியைப் பாருங்க. ஜூன் 6-ஐ விட்டிருந்தா அடுத்துப் போயிருக்க வேண்டிய நாள் அது! ஸ்டாக் அதைக் குறிப்பா எழுதி அனுப்புனப்ப, ஐசன்ஹோவர் அதுக்கு அடியிலேயே நன்றின்னு எழுதினார், போன நேரத்துல போனதுக்குப் போர்த் தெய்வங்களுக்கும் நன்றின்னு.

இந்தத் துறைமுகம் இல்லாட்டி போரே தோத்திருக்கும்னு இங்க நிறையப் பேர் சொல்வாங்க. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஓமஹாவுல துறைமுகம் உடைஞ்ச பிறகு அமெரிக்கர்கள் என்ன பண்ணாங்க? பெரிய கப்பலையே ஓதம் இறங்குறப்ப மணல்ல உக்கார வெச்சாங்க. முன்கதவைத் திறந்தா லாரி நேரா மணல்ல இறங்கிப் போகும். தண்ணி ஏறுனா கப்பல் மிதந்து கிளம்பிடும். துறைமுகம் இருந்தப்ப இறக்குனதை விட அதிகச் சரக்கு அப்படி இறங்குச்சு. ரெண்டு வாரம் முன்னாடி ஆளை மூழ்கடிச்ச அதே ஓதம். ஷெர்பூர் துறைமுகம் ஜூன் கடைசியில கையில வந்தப்ப ஜெர்மன்காரங்க அதை உடைச்சுப் போட்டுட்டாங்க, பெல்ஜியத்துல இருக்கிற ஆண்ட்வெர்ப் துறைமுகம் திறக்க நவம்பர் கடைசி ஆயிடுச்சு. அதுவரைக்கும் இந்த மணல் தாங்குச்சு. நீந்தி வந்து துளை போட்டவங்க எடுத்துப் போன அதே மணல்.

நாளைக்குப் பாயூ போறேன், இங்கிருந்து 10 கிலோமீட்டர்தான். அங்க இருக்கிற போர்க் கல்லறையில 4,648 பேர் கிடக்காங்க, அதுல 466 பேர் ஜெர்மன்காரங்க, ஒரே தோட்டத்துல. அது தனி வீடியோவா வரும்.

அங்க பாருங்க, அந்தப் பள்ளத்துல தண்ணி ஓடி வருது. பேச ஆரம்பிச்சப்ப அது காஞ்சு கிடந்துச்சு. எனக்கும் சுவருக்கும் நடுவுல புகுந்துடும் போல, நான் மேல ஏறிடறேன்.